கீழே காவி, மேலே வெள்ளை

எங்கள் ஊரில் இன்றைக்கும் யாரும் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதில்லை, வெள்ளைதான் அடிக்கிறார்கள். கூடத்துச் சுவர் கத்திரிப்பூ நிறத்தில் இருக்கும். வெளிச்சுவரின் ஆரஞ்சு தெருமுனையிலிருந்தே கண்ணைக் கூச வைக்கும். ஆனாலும் தை பிறப்பதற்கு முன் வழியில் பார்க்கிறவர் கேட்பது "வெள்ளையடிச்சாச்சா?" என்றுதான். வேலை மாறி நாற்பது ஆண்டு ஆகிறது. சொல் மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது.

கும்பகோணத்துக்குக் கிழக்கே இருந்த எங்கள் பழைய வீட்டில் அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள்தான். தாத்தாவின் கணக்கு நோட்டில் 1971 மார்கழி மாதத்துப் பக்கம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பு 2 மூட்டை, நீலம் 6 பொட்டலம், காவி 3 படி, வஜ்ஜிரம் அரை வீசை, மட்டை 4, ஆள் 2, நாள் 3. கிலோவும் லிட்டரும் கட்டாயமாகி அப்போது பத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் வீசையை விடவில்லை. தாம்பரத்தில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு 2019-இல் பெயிண்ட் அடித்தபோது கடையில் தந்த பில்லையும் அதே நோட்டுக்குள்தான் செருகி வைத்திருக்கிறேன். பட்டி 40 கிலோ மூட்டை 3, பிரைமர் 10 லிட்டர், எமல்ஷன் 20 லிட்டர் வாளி 1, 4 லிட்டர் 1, டார்க் கலர் 1 லிட்டர் 2, ரோலர், உப்புத்தாள், மாஸ்கிங் டேப். பழைய பக்கத்தில் நிறங்களுக்குப் பெயர் இருக்கிறது, புதிய பில்லில் எண் இருக்கிறது. என்ன நிறம் அடிப்பது என்று தாத்தா யோசித்ததற்கான தடயம் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. நான் மூன்று வாரம் யோசித்தேன்.

சுண்ணாம்பு வண்டியில் வந்து இறங்கும் நாளில் பிள்ளைகளைக் கொல்லைப் பக்கம் விடமாட்டார்கள். கடற்கரை ஊர்க் காளவாயில் சுட்ட கிளிஞ்சல், பார்ப்பதற்கு வெளுத்த ஓடு மாதிரி சாதுவாக இருக்கும். தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் ஒரு நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு தொட்டியே உலையாகிவிடும். அடுப்பு இல்லாமல் கொதிக்கிற தண்ணீரை நான் முதலில் பார்த்தது அங்கேதான். நீற்றிய சுண்ணாம்பைக் கிழிந்த வேட்டியில் வடிகட்டி, வஜ்ஜிரத்தைக் காய்ச்சி ஊற்றிக் கலப்பார்கள். கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வையே போய்விடும் என்று அத்தை சொன்னது மிரட்டல் இல்லை, உள்ளதுதான். வெள்ளையடிக்க வருகிற பெரியவரின் விரல் இடுக்குகள் வெடித்திருக்கும். மாலையில் வேலை முடிந்ததும் கூலிக்கு முன்னால் அவர் கேட்பது ஒரு உள்ளங்கை தேங்காய் எண்ணெய்.

நுனியைத் தட்டி நாராக்கிய மட்டைதான் அவருடைய பிரஷ். மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு, அது காய்வதற்குள் குறுக்கே ஒரு இழுப்பு. அடித்த கையோடு பார்த்தால் சுவரில் ஒன்றுமே ஏறாதது போல இருக்கும். ஈரச் சுண்ணாம்பு ஏறக்குறையக் கண்ணாடி. பழைய அழுக்கு, கரி, போன வருடத்துக் கொசு ரத்தம் எல்லாம் அதற்குள் தெரியும். புதிதாகக் குடிவந்தவர்கள் "இன்னும் ஒரு தடவை அடிங்க" என்று அவசரப்படுவார்கள். பெரியவர் பேசாமல் அடுத்த அறைக்குப் போய்விடுவார். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்க்கும்போது சுவர் தானாக வெளுத்திருக்கும். காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்து இழுத்து, சுண்ணாம்பு மறுபடியும் கிளிஞ்சலாக இருந்தபோது எதுவாக இருந்ததோ அதுவாக மாறிக்கொண்டிருக்கும். எமல்ஷன் இதற்கு நேர் எதிர். ஈரத்தில் பொய்யாக வெளிறித் தெரியும், காய்ந்ததும் ஒரு படி அழுத்தமாகும். அன்று பொறுமையில்லாதவர்கள் ஏமாந்தார்கள். இன்று, ரோலர் ஓடும்போதே "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிடுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். நான் இரண்டாவது வகை.

அந்த 6 பொட்டலம் நீலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேட்டிக்குப் போடுகிற அதே நீலம்தான் சுவருக்கும். சுண்ணாம்பில் இருக்கிற லேசான மஞ்சளை நீலம் அடித்துவிடும், கண்ணுக்கு வெள்ளை இன்னும் வெள்ளையாகும். அளவு பெரியவரின் கையில் இருந்தது. ஒரு வருடம் கூடத்துக்கு அளவாக விழுந்து மல்லிகையாக இருக்கும், இன்னொரு வருடம் கை கூடிப்போய் வீடே வானம் மாதிரி இருக்கும். யாரும் குறை சொன்னதில்லை, அடுத்த மார்கழிக்கு எப்படியும் மாறிவிடும். இந்தப் பொட்டல நீலம் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைக் கல்லை அரைத்து எடுத்தது, ஐரோப்பிய ஓவியர்கள் தங்கத்தோடு ஒப்பிட்டு விலை பேசியது. அதைச் செயற்கையாகச் செய்து காட்டுபவருக்குப் பிரான்சில் 6000 பிராங்கு பரிசு வைத்து, 1828-இல் கீமே என்பவருக்கு அதைக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் அது சலவைத் தொட்டிக்கும் சுண்ணாம்புத் தொட்டிக்கும் இறங்கி வந்தது.

அன்றைக்கு ஏன் அந்த நான்கைந்து நிறங்களே என்பதற்கு ஏழ்மை மட்டும் காரணம் இல்லை. சுண்ணாம்பின் காரம் பெரும்பாலான சாயங்களைத் தின்றுவிடும். பிரஷ்யன் நீலம் போன்ற அழகான நீலம்கூட அதில் தாக்குப்பிடிக்காது. பொட்டல நீலம் பிடிக்கும். மண்ணிலிருந்து வந்த காவியும் மஞ்சள் காவியும் பிடிக்கும். தாத்தாவுக்காகச் சுண்ணாம்பே தேர்ந்தெடுத்து வைத்திருந்தது என்று சொல்லலாம். மிச்சமிருந்ததைச் சுவரில் எங்கே வைப்பது என்பது மட்டும்தான் வீட்டுக்காரர் வேலை.

அதற்கும் முடிவு எப்போதோ ஆகியிருந்தது. கீழே காவி, மேலே வெள்ளை. தரையிலிருந்து மூன்றடிக்குக் காவிப்பட்டை, அதற்கு மேல் உத்தரம் வரைக்கும் வெள்ளை. அந்தக் கோடு போடுகிற வேலை எனக்கு அன்றும் பிடிக்கும். நூலைக் காவிப்பொடியில் புரட்டி, அறையின் ஒரு மூலையில் நான் பிடிக்க, மறுமூலையில் பெரியவர் இழுத்துப் பிடித்து, நடுவில் இரண்டு விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். 'டப்' என்று சுவரில் ஒரு கோடு விழும். பன்னிரண்டு அடிச் சுவருக்கு ஒரே சுண்டல். இன்று அதே வேலைக்கு லேசர் வைத்து, அதன் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அடித்து முடித்ததும் உரிக்கிறார்கள். கோடு முன்னைவிட நேராகத்தான் வருகிறது. மறுமூலையில் பிடிக்க ஒரு பையன் தேவையில்லை.

மூன்றடி என்பது யாரோ அழகுக்காக நிர்ணயித்த உயரம் என்று நினைத்திருந்தேன். வீட்டில் நாற்காலி இரண்டே இருந்தன. ஒன்று தாத்தாவுக்கு, ஒன்று வருகிற பெரிய மனிதருக்கு. மற்றவர்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தவர்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்தவரின் பின்னந்தலை எங்கே சுவரில் படுகிறதோ அதுதான் மூன்றடி. எண்ணெய் வைத்த தலை. அதற்குக் கீழேதான் சாப்பாட்டு இலையிலிருந்து தெறித்த ரசம், துடைப்பத்தின் ஈரம், தவழும் குழந்தையின் கை, தரையிலிருந்து ஏறும் ஓதம். எல்லா அழுக்கும் அந்த மூன்றடிக்குள் வாழ்ந்தது, காவி அதைப் பேசாமல் வாங்கிக்கொண்டது. மேலே உள்ள வெள்ளைக்கு வேறு வேலை. முற்றத்தில் விழும் வெளிச்சத்தைப் பிடித்து உள்ளறைக்கு அனுப்புவது, இரவில் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு கூடத்தையே சமாளிப்பது. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் திருப்பித் தரும். அழுத்தமான நீலமோ அரக்கோ பத்துகூடத் தராது. அந்த நாளில் ஒரு சுவரை முழுக்க டார்க் ஆக அடித்திருந்தால், ராத்திரி அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே தெரிந்திருக்காது.

ஆக, பழைய அறையின் எதிர்நிறம் குறுக்குவாட்டில் இருந்தது. ஒவ்வொரு சுவரும் கீழே இருட்டு, மேலே வெளிச்சம். புதிய அறையின் எதிர்நிறம் நெடுக்குவாட்டில் நிற்கிறது. மூன்று சுவர் லைட், ஒரு சுவர் டார்க். இரண்டுக்கும் நடுவில் ஒரு முப்பது ஆண்டு உண்டு. அதை நான் அவ்வளவாக விரும்பியதில்லை என்றாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு டிஸ்டெம்பர் வந்தது 1983-இல், சின்ன அத்தையின் கல்யாணத்துக்கு. அதுவரை பெயிண்ட் என்பது கதவு ஜன்னலுக்கு அடிப்பது. டப்பாவில் பிரஷ்ஷும் கையுமாக நிற்கும் குறும்புக்காரப் பையனை எல்லோருக்கும் தெரியும், ஏசியன் பெயிண்ட்ஸுக்காக ஆர்.கே. லக்‌ஷ்மண் 1954-இல் வரைந்த 'கட்டு' என்ற பையன். கல்யாண வீட்டில் கூடத்துக்கு ரோஸ், மணமகள் அறைக்குக் கிளிப்பச்சை, மாடி அறைக்கு வெளிர் மஞ்சள். அறைக்கு ஒரு நிறம் என்ற எண்ணமே அப்போதுதான் ஊருக்குள் வந்தது. காவிப்பட்டை போய், அதே மூன்றடிக்கு எனாமல் வந்தது. எண்ணெய்ப் பெயிண்ட், ஈரத்துணியால் துடைக்கலாம். ரோஸ் சுவருக்குக் கீழே பழுப்பு, மஞ்சள் சுவருக்குக் கீழே கரும்பச்சை, நடுவில் அரை அங்குலத்துக்குக் கறுப்புக் கோடு. பளபளப்பாக, கொஞ்சம் அலுவலகத்தனமாக இருக்கும். அந்த எனாமல்களின் பளிச்சென்ற மஞ்சளிலும் பச்சையிலும் ஈயம் கலந்திருந்த காலம் அது. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் நடப்புக்கு வந்தது 2017 நவம்பரில். குழந்தை தவழுகிற உயரத்தில்தான் நாங்கள் அதை அடித்து வைத்திருந்தோம். காவிப்பட்டையை நினைத்து ஏங்குகிறவர்கள் இந்த நடு முப்பது ஆண்டை அதனோடு சேர்த்து நினைத்துவிடக் கூடாது.

அந்த இரட்டை நிறம் வீடுகளைவிட்டுப் போய்விட்டாலும், அரசுப் பள்ளியிலும் தாலுகா அலுவலகத்திலும் ஆஸ்பத்திரி வார்டிலும் இன்னும் ஓய்வுபெறாமல் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பச்சைக்குத் தனிக் கதை உண்டு. 1914-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர், வெள்ளை அறையில் ரத்தச் சிவப்பை உற்றுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் கண் கூசுகிறது என்று, அறுவை அறையின் தரைக்கும் சுவரின் கீழ்ப்பகுதிக்கும் கீரைப்பச்சை அடிக்க வைத்தார். சிவப்புக்கு எதிர்நிறம் பச்சை, கண் அங்கே இளைப்பாறும் என்பது அவர் கணக்கு. எதிர்நிறத்துக்கு இவ்வளவு தெளிவான வேலையை வேறு யாரும் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

இனி தாம்பரம். கடைக்காரர் மேஜை மேல் போட்ட நிறப் புத்தகத்தில் 1800-க்கு மேற்பட்ட நிறங்கள். வெள்ளை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததே அதில் பல பக்கம். கடையின் பின்புறத்தில் அந்த மிஷின். எண்ணைத் தட்டினால், வெள்ளை பேஸ் டப்பாவுக்குள் மூக்கு மூக்காக நாலைந்து சாயம் சொட்டுக் கணக்கில் விழுகிறது. மூடியை அறைந்து, குலுக்குகிற இயந்திரத்தில் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தால் தயார். பெரியவர் கையளவில் போட்ட நீலத்தை இப்போது மிஷின் மில்லிலிட்டரின் சின்னஞ்சிறு பின்னத்தில் போடுகிறது. போன வருடத்து நிறமே மறுபடியும் வேண்டுமென்றால் வரும். அன்று அது கேட்கக்கூடாத கேள்வி.

மூன்று வாரம் நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, எங்களோடு இருக்கும் பெரிய அத்தைக்குச் சலித்துப்போய்விட்டது. 80 வயது. நிறம் என்றால் அவருக்குப் புடவைதான்.

"என்னடா அப்படி யோசிக்கிறே? பட்டுப்புடவை எடுக்கத் தெரியாதவன் மாதிரி. உடம்பு வெளிர் சந்தனம், முந்தானை மயில்கழுத்து. முடிஞ்சுது."

எதிர்நிறத்தைப் பற்றி நான் படித்த எதையும்விட அந்த வாக்கியம் எனக்கு உதவியது. கான்ட்ராஸ்ட் என்று கடையில் சொல்கிறார்களே, அது நமக்கு இந்தப் பெயிண்ட் கம்பெனிகள் கற்றுத்தந்தது இல்லை. காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவை என்றால் உடலுக்கு ஒரு ஊடுநூல், இரண்டு கரைக்கும் வேறு ஊடுநூல், மூன்று நாடா, தறியில் இரண்டு பேர். உடலும் கரையும் சேருகிற இடத்தில் ஒரு நிறம் மற்றதற்குள் கசியாமல் பூட்டுவதற்குத்தான் அத்தனை பாடு. அரக்குக்கு மாம்பழ மஞ்சள், ராமர் பச்சைக்குக் கனகாம்பரம், வெங்காயத்தோலுக்குக் கருநீலம் என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அட்டை பார்க்காமல் சொல்ல வரும். யோசித்துப் பார்த்தால் பழைய சுவரும் புடவைதான். காவிப்பட்டை அதன் கரை. கரை எதற்கு? தரையில் உரசுகிற இடம் தேயாமல் இருக்க, அழுக்கு தெரியாமல் இருக்க. அழகு பிறகு வந்து சேர்ந்தது. புதிய அறையில் கரை இல்லை, முந்தானை மட்டும் இருக்கிறது. முந்தானை பிறர் பார்ப்பதற்கு.

அப்படியே செய்தோம். டி.வி. மாட்டுகிற சுவர், பன்னிரண்டுக்கு ஒன்பதரை அடி, மயில்கழுத்து. மற்ற மூன்றும் சந்தனம் தொட்ட வெள்ளை. பெயிண்டர் அண்ணன் சாமான்களை நடுக்கூடத்தில் குவித்துப் பிளாஸ்டிக் விரித்து மூடினார். பழைய பட்டியைச் சுரண்டி, புதுப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இரண்டு நாளும் வீட்டுக்குள் மாவு மில். அவர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார். முகமூடி வாங்கிக் கொடுத்தேன், மூச்சு முட்டுகிறது என்று கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். வெடித்த விரல் போய்விட்டது, தேங்காய் எண்ணெய் யாரும் கேட்பதில்லை. அந்த இடத்தில் இந்தத் தூசி வந்திருக்கிறது.

டார்க் சுவர் இரண்டு கோட்டில் அடங்கவில்லை, மூன்றாவது கேட்டது. பில்லில் உள்ள இரண்டாவது லிட்டர் அதற்காக ஓடிப்போய் வாங்கியது. மூன்றாம் நாள் மாலை எல்லாம் முடிந்து விளக்கைப் போட்டோம். மயில்கழுத்து நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சந்தன வெள்ளைச் சுவர்கள் மூன்றும் லேசாக ரோஸ் அடித்தன. கடையில் மிஷினைத் தப்பாகத் தட்டிவிட்டார்கள் என்று எனக்குக் கோபம். டப்பா மூடியில் ஒட்டியிருந்த சீட்டைப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தேன், எண் சரி. மீதியிருந்த பெயிண்ட்டை ஒரு அட்டையில் தடவிப் படுக்கையறைக்குக் கொண்டுபோனேன். அங்கே அது அப்பழுக்கில்லாத சந்தனம். கூடத்துக்குக் கொண்டுவந்தால் ரோஸ்.

"ரெண்டு நாள் போனா சரியாயிடும் சார்" என்றார் பெயிண்டர் அண்ணன். ரெண்டு நாள் போனது.

இந்த வழக்கு முன்னமே ஒருமுறை விசாரிக்கப்பட்டிருக்கிறது. பாரிஸில் கோபலான் என்ற அரசுத் திரைச்சீலை ஆலையில் செவ்ரல் என்ற வேதியியலாளர் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்தால் வெளிறித் தெரிகிறது என்று நெசவாளர்களிடமிருந்து புகார். அவர் சாயத்தைச் சோதித்தார், குற்றம் இல்லை. பக்கத்து நூலின் நிறம், பார்க்கிறவர் கண்ணில் தன் எதிர்நிறத்தை இந்தக் கறுப்பின் மேல் ஏற்றுகிறது என்று கண்டுபிடித்து, 1839-இல் பெரிய நூலாகவே எழுதினார். 102 வயது வரை இருந்த மனிதர், பொறுமைக்குக் குறைவில்லை. என் வீட்டில் நடந்ததும் அதுதான். பச்சை கலந்த நீலத்துக்கு எதிர்நிறம் செம்மஞ்சள் சாயல். மயில்கழுத்துச் சுவர் தன் பக்கத்தில் நிற்கிற சாதுவான சந்தனத்தின் மேல் அந்தச் செம்மையை ஏற்றிவிட்டிருக்கிறது. போதாததற்குக் கூடத்தில் நான் மாட்டியிருந்தது மஞ்சள் சாயல் எல்.இ.டி.; கடையில் இருந்தது வெள்ளை டியூப். இரண்டு சாட்சியையும் விசாரிக்காமல் தீர்ப்பு எழுதியிருந்தேன்.

பழைய கூடத்தில் இந்தக் குழப்பம் ஏன் வரவில்லை? அங்கேயும் காவிக்குப் பக்கத்தில்தான் வெள்ளை இருந்தது. காவியின் எதிர்நிறம் நீலத்தையும் பச்சையையும் ஒட்டியது. அது வெள்ளையின் மேல் ஏறினால் வெள்ளை இன்னும் குளிர்ந்து, இன்னும் வெளுத்துத் தெரியும். பொட்டல நீலம் செய்த வேலையைக் காவியும் கொஞ்சம் செய்துகொண்டிருந்தது. பெரியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவருக்கு முன்னால் பல பேர் தப்பாக அடித்துப் பார்த்திருப்பார்கள்.

புதிய சுவரின் சாதகங்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்து எழுந்தால் முதுகு முழுக்க வெள்ளை. பள்ளிக்கூடம் போகும்போது யாராவது தட்டிவிட வேண்டும். இப்போது பேரன் கிரேயானால் வரைந்த ரயிலைச் சோப்புத் தண்ணீரால் துடைக்கிறோம், ரயிலும் போகிறது, சுவரும் இருக்கிறது. வருடா வருடம் அடித்தது போய் ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை ஆகியிருக்கிறது. வெளிச்சத்துக்குப் பஞ்சம் இல்லை. அன்றைய 40 வாட் குண்டு பல்பு தந்ததைப் போல இரண்டு மடங்கை இன்று 9 வாட் எல்.இ.டி. தருகிறது. ஒரு சுவரை இருட்டுக்கு நேர்ந்துவிடுகிற தைரியமே அதனால்தான் வந்தது.

ஆனால் வருடம் ஒருமுறை வீடு காலியாவது நின்றுவிட்டது. மார்கழிக் கடைசியில் பரண்மேல் உள்ளது எல்லாம் முற்றத்துக்கு இறங்கும், அண்டா, தொட்டில், தாத்தாவின் கல்கத்தா டிரங்குப் பெட்டி. காணாமல்போன இரண்டு பொருளாவது கிடைக்கும், இருந்த ஒன்றாவது உடையும். இன்னொன்றும் போனது. சுண்ணாம்பு மூச்சு விடும். ஓதம் ஏறினால் வழியவிட்டு உலர்ந்துகொள்ளும், பொடியாக உதிரும், அடுத்த மார்கழியில் ஆறிவிடும். எமல்ஷன் ஒரு பிளாஸ்டிக் தோல். குளியலறைக்கு அந்தப்புறச் சுவரில் ஓதம் ஏறியபோது அது வயிற்றைப் போல உப்பி, ஒருநாள் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து விழுந்தது. அதே எண்ணைச் சொல்லி அதே கடையில் அரை லிட்டர் வாங்கி டச்சப் செய்தோம். எண் ஒன்றுதான். ஆனால் நான்கு வருடம் வெயிலையும் புகையையும் பார்த்த நிறத்துக்கு நடுவில் புது நிறம் ஒட்டுப்போட்டது போலத் தெரிகிறது. வீடு முழுக்க ஒரே சமயத்தில் வெள்ளையான காலத்தில் ஒட்டு என்ற பேச்சே இல்லை.

போன மாதம் பெயிண்டர் அண்ணன் அந்த ஒட்டைப் பார்க்க வந்திருந்தார். மயில்கழுத்துச் சுவர் ஐந்து வருடத்துக்கு மேலாகியும் அடித்த அன்று இருந்தது போலவே இருக்கிறது. அதன்மேல் டி.வி. மாட்டியிருக்கிறது, கீழே கண்ணாடி அலமாரி. யாரும் அதைத் தொடுவதில்லை, சாய்வதும் இல்லை. அதற்கு எதிர்ச் சுவரில்தான் அவர் கண் நின்றது. பகலில் அத்தை சோபாவில் உட்காரமாட்டார், கால் தொங்குகிறது என்பார். தரையில் பாயைப் போட்டு, காலை நீட்டி, அந்தச் சந்தனச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் தொடர் பார்ப்பார். அவர் தலை படுகிற இடத்தில் ஒரு வட்டம், நடுவில் கறுப்பும் ஓரத்தில் மஞ்சளுமாக எண்ணெய் ஏறியிருக்கிறது. சோப்புத் தண்ணீருக்கும் அது போகவில்லை.

பெயிண்டர் அண்ணன் டேப்பை எடுத்துத் தரையிலிருந்து வைத்துப் பார்த்தார். மூன்றடிக்கு ஒரு விரற்கடை குறைவு.

"முழுச் சுவரும் வேணாம் சார்," என்றார். "கீழ மட்டும் ஒரு மூணடிக்கு டார்க்கா எதாவது இழுத்து விட்டுடலாமா?"

பாயில் உட்கார்ந்திருந்த அத்தை தொடரிலிருந்து கண்ணை எடுக்காமல், "காவி கிடைக்குமான்னு கேளுடா" என்றார்.